மாம்பலமா, தாம்பரமா?

தியாகராய நகரில் குடியிருப்பது கௌரவந்தான். வாடகை கொடுத்த பிறகு அந்தக் கௌரவம் ஒன்றுதான் கையில் மிஞ்சுகிறது. தாம்பரத்துக்குப் போய்விடலாமா என்று யோசிக்கிறேன். "அவ்வளவு தூரமா?" என்கிறார்கள் நண்பர்கள்.

1920-களில் ஏரியைத் தூர்த்து மனை போட்டபோது இந்த நகரும் ஊருக்கு வெளியேதான் இருந்தது. 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் வந்தது. 1937-இல் கிறிஸ்தவக் கல்லூரியே ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்தில் குடியேறியது. ஆகவே தூரத்துக்கு நான் அஞ்சவில்லை.

அஞ்சுவது தண்ணீருக்கு. ஏரியை நாம் மறந்தாலும், மழைநீர் தன் பழைய இடத்தை மறப்பதில்லை. 2015 டிசம்பரில் மேற்கு மாம்பலமும் மூழ்கியது. தாம்பரத்தை அடுத்த முடிச்சூரும் மூழ்கியது. எனவே வீட்டுக்காரரிடம் வாடகை கேட்குமுன், அங்குள்ள பெரியவர்களிடம் வெள்ளம் போகும் வழியைக் கேட்கப்போகிறேன். பதில் திருப்தியாக இருந்தால், மூட்டை கட்ட வேண்டியதுதான்.