தையல் இயந்திரத்தின் கறுப்பு மெருகு

பழைய வார்ப்பிரும்புத் தையல் இயந்திரங்களின் மேற்பூச்சு மூன்று அடுக்குகளால் ஆனது: அடியில் சூளையில் சுட்ட கறுப்புப் பூச்சு, அதன்மேல் ஒட்டிய பொன்னிறச் சித்திரங்கள், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற வார்னிஷ். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 1950கள் வரை பெரும்பாலான இயந்திரங்கள் இந்தக் கோலத்தில்தான் விற்பனைக்கு வந்தன. கறுப்பு கெட்டியானது. அதை மூடியிருக்கும் மெல்லிய வார்னிஷோ எளிதில் கரைந்துபோவது. பராமரிப்பின் சிக்கல் முழுவதும் இந்த முரணில் அடங்கியிருக்கிறது.

கறுப்புப் பூச்சின் வரலாறு தையல் இயந்திரத்தைவிடப் பழையது. 17ஆம் நூற்றாண்டில் சீன, ஜப்பானிய அரக்குப் பூச்சுப் பொருள்கள் ஐரோப்பாவில் பெரும் மோகத்தை உண்டாக்கின. அந்தப் பூச்சுக்கு வேண்டிய மரப்பால் ஐரோப்பாவில் கிடைக்கவில்லை. எனவே கைவினைஞர்கள் தங்களுக்குக் கிடைத்த பிற பொருள்களைக் கொண்டு போலிப் பூச்சுகளைத் தயாரித்தார்கள். 'ஜப்பானிங்' என்று பெயர் பெற்ற இக்கலையைப் பற்றி ஸ்டாக்கரும் பார்க்கரும் எழுதிய கையேடு 1688இல் வெளியானது. இரும்புத் தகட்டில் பூசிச் சூட்டில் இறுக்கும் முறை வேல்ஸ் நாட்டின் பான்டிபூல் ஊரில் ஆல்குட் குடும்பத்தாரால் வளர்ந்தது. பின்னர் பர்மிங்காம், வுல்வர்ஹாம்ப்டன் பட்டறைகள் அதைப் பெருந்தொழிலாக்கின. அச்செழுத்தால் புகழ்பெற்ற ஜான் பாஸ்கர்வில் அதற்கு முன் பொருளீட்டியது இந்தத் தொழிலில்தான்.

நிலக்கீல், ஆளிவிதை எண்ணெய், டர்பன்டைன் ஆகியவையே கறுப்புப் பூச்சின் முதன்மைச் சரக்குகள். ஒவ்வொரு பூச்சும் சூளையில் சுடப்பட்டுத் தேய்த்து வழவழப்பாக்கப்பட்டது. வார்ப்பிரும்பின் சொரசொரப்பை மறைக்கவும் துருவைத் தடுக்கவும் இது மலிவான வழியாக இருந்தது.

ஐசக் சிங்கர் 1851இல் காப்புரிமை பெற்ற இயந்திரம் பட்டறைக்கு ஏற்ற முரட்டுக் கருவி. 1856இல் தவணை விற்பனை தொடங்கி, இயந்திரம் வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்ததும் அழகும் விற்பனைக்கு அவசியமாயிற்று. தொடக்கத்தில் கையால் ஓவியம் தீட்டினார்கள். சில நிறுவனங்கள் முத்துச்சிப்பியும் பதித்தன. பிறகு தாளிலிருந்து உலோகத்துக்கு மாற்றி ஒட்டும் சித்திரங்கள் வந்தன. சிங்கர் 27, 127 மாதிரிகளின் சிறகு முளைத்த ஸ்பிங்ஸ் உருவங்களும், 66ஆம் மாதிரியின் 'செங்கண்' வேலைப்பாடும் சேகரிப்பாளர்களிடையே இன்றும் பெயர்பெற்றவை.

பெரும்பாலான சித்திரங்கள் அழிந்ததற்கு வயதைவிடத் துடைத்ததே காரணம். தையல்காரரின் கையும் துணியும் ஓயாமல் உரசும் அடித்தட்டான படுகையின் முன்விளிம்பில் வார்னிஷ் முதலில் தேய்கிறது. அதன்பின் ஸ்பிரிட்டோ அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவமோ பட்டால் பொன் வெள்ளியாக வெளுக்கும். இன்னும் தேய்த்தால் துணியோடு வந்துவிடும். மேலுள்ள வார்னிஷ் ஷெல்லாக் என்னும் அரக்குப் பிசினால் ஆனதாக இருந்தால், ஈரம் தங்கும்போது வெண்படலம் படரும். அதனால் ஆயுத பூஜையன்று இயந்திரத்தில் வைக்கும் சந்தனத்தை அன்றே உலர்ந்த துணியால் எடுத்துவிடுவது நல்லது.

காப்பதற்குத் தையல் மெஷின் எண்ணெயே போதும். பல ஆண்டு எண்ணெய் உறைந்து பழுப்பேறிய அழுக்கின்மேல் புதிய எண்ணெயைத் தடவி, ஊறவிட்டு, பஞ்சால் அழுத்தாமல் எடுக்க வேண்டும். சித்திரம் விரிசல் விட்டிருந்தால் எண்ணெய் அடியில் இறங்கக்கூடும் என்பதால் அங்கே ஊறவிடலாகாது. ஒரே நாளில் முடிக்க நினைப்பவர்களின் கையில்தான் சித்திரம் போகிறது.

மங்கிய மெருகை மீட்கத் தச்சர்களின் பிரெஞ்சு பாலிஷ் முறை கைகொடுக்கிறது. ஸ்பிரிட்டில் கரைத்த ஷெல்லாக்கைத் துணி சுற்றிய பஞ்சுத் திண்டில் நனைத்து, ஒட்டாமல் வழுக்க ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெயும் விட்டு, மெல்லிய படலங்களாக ஏற்றுவார்கள். திண்டு ஓரிடத்தில் நின்றால் அதிலுள்ள ஸ்பிரிட் கீழுள்ள பூச்சை இளக்கிவிடும். எனவே ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்பிரிட்டைச் சித்திரம் தாங்குமா என்பதைக் கண்ணில் எளிதில் படாத ஒரு சித்திர ஓரத்தில் முதலில் சோதிப்பது வழக்கம். ஷெல்லாக் தயாரிக்க வேண்டிய பூச்சி அரக்கை இந்தியாவே உலகுக்குப் பெருமளவில் வழங்கிவந்தது. அரக்குப் பூச்சிகள் வளர்க்கப்படும் பகுதியின் நடுவே, ராஞ்சி அருகே நாம்கும் என்ற இடத்தில், 1920களில் இதற்கெனவே ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது.

கறுப்பு பெயர்ந்து இரும்பு தெரியும் இடங்களில் துருவை நீக்கி, கறுப்பு எனாமலைப் பலமுறை தொட்டு வைத்து, காய்ந்தபின் சமன்படுத்துகிறார்கள். முழுவதையும் சுரண்டிப் புதுப்பெயின்ட் அடித்து, நகல் ஸ்டிக்கர் ஒட்டுவதும் உண்டு. துருவே மேலோங்கிய இயந்திரத்துக்கு அது பொருந்தும். பாதிச் சித்திரமாவது எஞ்சியிருந்தால் அது பழையதை அழிக்கும் வேலை.

எல்லாக் கறுப்பு இயந்திரங்களும் பளபளப்பானவை அல்ல. சிங்கரின் 15, 66, 99 மாதிரிகளில் சில, வேண்டுமென்றே சுருக்கம் விழவைத்த சொரசொரப்பான கறுப்பில் வந்தன. அவற்றில் திண்டு ஓடாது. மென்மையான பிரஷ்ஷும் எண்ணெயும்தான் உதவும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானிய, ஐரோப்பிய நிறுவனங்கள் பச்சை, நீலம், வெண்பழுப்பு நிற எனாமல்களுக்கு மாறின. அந்த எனாமலுக்கு ஷெல்லாக் தேவையில்லை. கார் மெழுகே பொருந்தும்.