பிளாஸ்க்கில் அள்ளிய எண்ணெய்

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் குறைஞ்சதால போன வாரம் ஊருக்கு, அதாங்க நெய்வேலிக்கு, போயிருந்தேன். அப்பா அடுத்த வருஷம் ரிட்டையர் ஆகிறார், குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். "அந்தப் பழைய பைக்கை வித்துடலாம்ப்பா, மாசாமாசம் எஞ்சின் ஆயில் குடிக்குது"ன்னு சொன்னேன். பதிலே பேசாம மந்தாரக்குப்பம் மெக்கானிக் அண்ணன்கிட்ட கூட்டிட்டுப் போனார்.

அண்ணன் வண்டியைத் தொடறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேட்டார். "நிறுத்துற இடத்துல கறை விழுதா தம்பி? நீலப் புகை வருதா? அளவுக்கு மேல ஊத்துறீங்களா?" ஒழுகுதா, எரியுதா, துப்புதா? எண்ணெய் காணாமப் போக வழி இந்த மூணுதான்.

வீட்டுக்கு வந்து படிச்சுப் பார்த்தா, சின்ன பிஸ்டன் எஞ்சின் விமானத்துக்கும் இதே கேள்விகள்தான். அடிவயிற்றுத் தகடு நனைஞ்சிருந்தா கசிவு. ஸ்பார்க் பிளக் எண்ணெய்ப் பிசுக்கோட வந்தா பிஸ்டன் ரிங்கோ வால்வு கைடோ தேய்ஞ்சிருக்கலாம். ரொம்பி வழிய ஊத்தினா, மிச்சத்தை பிரீதர் குழாய் வழியா எஞ்சினே வெளியே தள்ளிடும். 150 குதிரைத்திறன் லைகாமிங் எஞ்சினுக்கு மணிக்கு ஏறக்குறைய அரை லிட்டர் வரை அனுமதி உண்டு. அதைத் தாண்டினா தேட ஆரம்பிக்கணும். ஒரே வித்தியாசம், பைக்கை ஓரங்கட்டலாம். ஆகாசத்துல ஓரம் கிடையாது.

ஆனா ஒரு காலத்துல எண்ணெய் போறது கோளாறே இல்லை! முதல் உலகப்போர் விமானங்கள் பலதுல ரோட்டரி எஞ்சின். சிலிண்டர்களே சுத்தும். பெட்ரோலும் காத்தும் கிராங்க்கேஸ் வழியா உள்ளே போகும். அதனால பெட்ரோல்ல சுலபமா கரையாத எண்ணெய் தேவைப்பட்டுது. அது நம்ம விளக்கெண்ணெய்தான். உள்ளே போனது திரும்பி வராது, புகையோட வெளியே தெறிச்சு விமானி முகத்துலயும் அடிக்கும். போர் முடியற நேரத்துல, இந்தியாவுலேர்ந்து ஆமணக்கு விதையைக் கொண்டுபோய் அமெரிக்காவுல பயிர் பண்ற அளவுக்குத் தட்டுப்பாடு.

அப்புறம் எண்ணெய் டேங்குக்கே திரும்பி வர்ற எஞ்சின்கள் வந்தாச்சு. அதுக்கப்புறம் அளவுக்கு மேல எண்ணெய் குறைஞ்சா ஆபத்துன்னு அர்த்தம். எவ்வளவு ஆபத்துங்கறதுக்குத்தான் இந்தக் கதை.

1935 மே 15. ஆஸ்திரேலியாவின் சார்லஸ் கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித், 1928-ல் பசிபிக்கைத் தாண்டிய தன்னோட 'சதர்ன் கிராஸ்' விமானத்துல சிட்னியிலிருந்து நியூசிலாந்துக்குக் கிளம்பினார். கூட பி.ஜி. டெய்லர், வயர்லெஸ் பார்க்க ஜான் ஸ்டானேஜ். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வெள்ளிவிழாவுக்கான தபால் மூட்டைகளும் இருந்துது. மூணு எஞ்சின் ஃபாக்கர் விமானம் அது. நடுக்கடல்ல, நடு எஞ்சினோட புகைக்குழாய்த் துண்டு ஒண்ணு உடைஞ்சு பறந்து வலது புரொப்பெல்லரை அடிச்சுது. வலது எஞ்சினை நிறுத்தியாச்சு. திரும்பி சிட்னிக்கு!

இப்ப ரெண்டு எஞ்சின் மூணோட பாரத்தைச் சுமக்கணும். சாமான்களைக் கடல்ல போட்டாங்க, கடைசியில தபாலையும். முழு விசையில ஓடின இடது எஞ்சின்ல எண்ணெய் தீர ஆரம்பிச்சுது. அது நின்னா கடல்தான்.

நின்னுபோன வலது எஞ்சின்ல மட்டும் எண்ணெய் சும்மா கிடக்கு. டெய்லர் ஜன்னல் வழியா வெளியே இறங்கினார். காத்து பிச்சு எடுக்க, ஸ்ட்ரட் மேல நகர்ந்து போய், பிளாஸ்க் கூட்டுல எண்ணெயைப் பிடிச்சுக் கொடுத்தார். உள்ளே ஸ்டானேஜ் அதை ஒரு தோல்பெட்டியில சேர்த்தார். அப்புறம் டெய்லர் இடது பக்கம் இறங்கி, ஓடற எஞ்சினுக்கு ஊத்தணும். அந்த நேரம் கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித் அந்த எஞ்சினை அடக்கிப் பிடிப்பார், விமானம் கடலை நோக்கி இறங்கும். ஊத்தி முடிச்சதும் மறுபடி விசை, மறுபடி உயரம். இப்படி ஆறு தடவை! சுமார் 15 மணி நேரம் பறந்து மூணு பேரும் உயிரோட சிட்னி வந்து சேர்ந்தாங்க. டெய்லருக்கு 1937-ல் எம்பயர் கேலன்ட்ரி மெடல் கிடைச்சுது.

டெய்லர் அன்னிக்குக் கசிவை அடைக்கவோ ரிங்கை மாத்தவோ இல்லை. எங்க பாஷையில சொன்னா, மெமரி லீக்கைத் தேட நேரமில்லாம அப்பப்ப ரீஸ்டார்ட் பண்ணி விடியற வரைக்கும் சர்வரை ஓட்டின கதை :-) என்ன, இங்க சர்வர்ல மூணு உயிர்.

அதே வருஷம் நவம்பர்ல கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித், டாமி பெதிபிரிட்ஜோட நம்ம அலகாபாத்திலிருந்து சிங்கப்பூருக்குக் கிளம்பினார். பர்மாவை ஒட்டின கடல் பக்கம் காணாமப் போனவங்கதான், திரும்பவே இல்லை.

இதை அப்பாகிட்ட சொன்னேன். முழுசா கேட்டுட்டு, "அவனுக்கு வழியில்ல, பிளாஸ்க்கில அள்ளினான். நமக்கு மந்தாரக்குப்பம் இருக்குல்ல?"ன்னார்.

பைக்கை விக்கலை. ரிங் மாத்தியாச்சு. செலவு என்னோடது!