ஓட்டை போட்ட கதை

போன மாசம் மச்சினன் லண்டன்லேர்ந்து போன் பண்ணினான். பிளம்பிங், ஹீட்டிங் வேலைல நாலு வருஷம் ஒரு பெரியவர்கிட்ட கையாளா இருந்துட்டு, இப்பதான் சொந்தமா தொழில் தொடங்கியிருக்கான்.

"மாமா, பேட்டரில ஓடுற ஹாமர் ட்ரில் ஒண்ணு வாங்கணும். 18 வோல்ட் போதுமா, 36 வேணுமா? நீங்கதான் மெஷின் கதையெல்லாம் படிப்பீங்களே."

நானோ காலண்டர் மாட்ட ஆணி அடிச்சாலே கட்டை விரலைப் பிடிச்சுக்கிட்டு உக்காருற ஆள் (தங்கமணி சாட்சி). ஆனா வரலாறுன்னு வந்துட்டா விடுவோமா? :-)

பேச்சோட பேச்சா அவன் இன்னொண்ணும் சொன்னான். "அந்தப் பெரியவருக்கு குளிர் வந்தா விரல் நுனியெல்லாம் வெள்ளையாயிடும் மாமா. சட்டை பட்டன் போட முடியாது. முப்பது வருஷம் ட்ரில் பிடிச்ச கை." அன்னைக்கு ராத்திரி எனக்கு வோல்ட் மறந்துபோச்சு, அந்த விரல்தான் ஞாபகத்துல நின்னுது.

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்த ஊர் வீடுகளில் பாய்லர் ஒன்று இருக்கும். அதிலிருந்து 15 மில்லிமீட்டர், 22 மில்லிமீட்டர் செப்புக் குழாய்களில் வெந்நீர் ஓடி, ஒவ்வொரு அறையிலும் இருக்கும் ரேடியேட்டரைச் சூடாக்கும். குழாயைப் பிடிக்க கிளிப், ரேடியேட்டர் தொங்க பிராக்கெட், பாய்லர் புகை வெளியேற செங்கல் சுவரில் ஒரு பெரிய துளை... ஹீட்டிங் வேலையில் பாதி ஓட்டை போடுவதுதான்.

முன்பு இதையெல்லாம் உளி, சுத்தியல் வைத்து கையால்தான் செய்தார்கள். துளைக்குள் மர ஆப்பு அடித்து அதில் திருகாணி. நம்ம ஊர் எலக்ட்ரீஷியன் இன்னமும் "ராவல் பிளக்" என்கிறாரே, அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார். ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்ற ஆங்கிலேயர். 1911ல் சணல் நாரைப் பசையில் தோய்த்து அவர் செய்த பிளக்தான் அது. பிளக் சின்னதாச்சு, துளையும் சின்னதாச்சு. ஆனால் குத்துவது யார்? அப்பவும் கைதான்.

மின்சார ட்ரில் அதற்கு முன்பே வந்துவிட்டது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஃபைன் நிறுவனம் 1895ல் கையில் தூக்கும் ட்ரில்லைச் செய்தது. அமெரிக்காவின் பால்டிமோரில் பிளாக் அண்ட் டெக்கர் அதற்குத் துப்பாக்கி போல கைப்பிடியும் விசையும் வைத்து 1917ல் காப்புரிமை வாங்கியது. இன்றைக்கும் ட்ரில்லின் உருவம் அதேதான். ஆனால் இதெல்லாம் சுற்றும், அவ்வளவுதான். செங்கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும் வெறும் சுற்று போதாது, அடியும் வேணும்.

இங்கேதான் கதை ரெண்டாப் பிரியுது.

முதல் வழி, சாதாரண ஹாமர் ட்ரில். உள்ளே பல் வெட்டிய இரண்டு தகடுகள். ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கி ட்ரில் பிட்டை உதறும். நிமிஷத்துக்கு இருபதாயிரத்துக்கு மேல் அடி என்று பெட்டியில் போட்டிருப்பான். படிச்சா மலைப்பா இருக்கும். ஆனால் எல்லாம் குட்டி அடி. நீங்கள் பின்னாலிருந்து அழுத்தினால்தான் பல் ஏறும். ஆக, அடியில் பாதி உங்கள் தோள் கொடுப்பது, உதறலும் நேரா கைக்குத்தான் வரும்.

இரண்டாவது வழி, ரோட்டரி ஹாமர். உள்ளே சைக்கிள் பம்பு மாதிரி ஒரு பிஸ்டன். அது காற்றை அழுத்தி ஒரு இரும்புத் துண்டை முன்னால் எறியும், அது போய் பிட்டின் பின்பக்கம் மோதும். அடி எண்ணிக்கை கம்மி, நிமிஷத்துக்கு நாலஞ்சாயிரம்தான். ஆனால் ஒவ்வொன்றும் நல்ல அடி, அதுவும் மெஷின் தானே அடிப்பது. நடுவில் காற்று இருப்பதால் உதறலில் கொஞ்சம் அங்கேயே அடங்கும். பாஷ் நிறுவனம் 1932ல் மின்சார ஹாமரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே நிறுவனம் 1975ல் எஸ்டிஎஸ் என்ற பிட் பிடிப்பானையும் கொண்டுவந்தது. செருகு, திருப்பு, உட்கார்ந்திடும். அதில் பிட் முன்னும் பின்னும் கொஞ்சம் நழுவ இடம் இருப்பதால் அடி முழுசா சுவருக்குப் போகும்.

பேட்டரி கதை தனி. கார்டுலெஸ் ட்ரில்லை நாசா கண்டுபிடித்ததாக ஒரு கதை சுத்துது. நம்பாதீங்க. 1961லேயே பிளாக் அண்ட் டெக்கர் நிக்கல்-காட்மியம் பேட்டரியில் ஓடும் ட்ரில்லை விற்றது. நாசா அதன் பிறகுதான் வந்தது. 1971ல் அப்போலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலாவில் பேட்டரி ட்ரில்லால் துளை போட்டார், அதுவும் சுற்றிக்கொண்டே அடிக்கிற வகை. எதுக்குத் தெரியுமா? நிலாவுக்குள்ளேயிருந்து வரும் சூட்டை அளக்க. அதுவும் ஒருவகையில் ஹீட்டிங் வேலைதான் :-)

3 மீட்டர் போக வேண்டிய துளை 1.6 மீட்டரோடு நின்றது. பேட்டரி தீர்ந்துவிடவில்லை. துளைக்கும் தண்டின் மூட்டுகளில் திருகுப் பள்ளம் விட்டுவிட்டு இருந்ததால் மண் மேலே ஏற வழியில்லாமல் சிக்கிக்கொண்டது. அடுத்த பயணத்துக்குள் தண்டை மாற்றினார்கள், சரியானது. வோல்ட் கேட்கிறவங்க பிட்டையும் கொஞ்சம் கேக்கணும்.

பிறகு லித்தியம்-அயன். சோனி 1991ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது, 2005 வாக்கில் பெரிய ட்ரில்களுக்குள் நுழைந்தது. எடை குறைந்து, சார்ஜ் அதிக நேரம் நின்றது. கார்டுலெஸ் கருவிகளில் காட்மியம் பேட்டரிக்கு ஐரோப்பிய யூனியன் கொடுத்திருந்த விலக்கு 2016 கடைசியோடு முடிந்தது.

இந்தக் கதை முழுக்க ஒரே கேள்விதான்: சுவரை அடிக்கிறது மெஷினா, உன் கையா? பிரிட்டனில் 2005ல் வந்த அதிர்வு விதிகளும் இதைத்தான் கேட்கின்றன. எட்டு மணி நேர வேலை நாளுக்கு அதிர்வு 2.5 அலகைத் தொட்டால் முதலாளி நடவடிக்கை எடுக்கணும், 5ஐத் தாண்டவே கூடாது. 10 அலகு உதறுகிற மெஷின் என்றால் அரை மணியில் முதல் கோடு, இரண்டு மணியில் கடைசிக் கோடு. அலகு இரண்டு மடங்கானால் நேரம் கால்வாசி ஆகிவிடும்.

மச்சினனுக்கு நான் சொன்னது இதுதான். "மாப்ள, வோல்ட்டை விடு, 18 தாராளம். ரெண்டு மெஷின் வாங்கு, ரெண்டுக்கும் ஒரே கம்பெனி பேட்டரி. மரத்துக்கும் திருகாணிக்கும் சின்ன ட்ரில். செங்கல், கான்கிரீட்டுக்கு ரெண்டு ஜூல் அடிக்கிற எஸ்டிஎஸ். புகைக்குழாய்க்கு வைரப்பல் கோர் போடறப்ப அடியை நிறுத்திட்டு, கிளட்ச் இருக்கிற மெஷின்ல மட்டும் போடு. கோர் சிக்கி நின்னா மணிக்கட்டு திரும்பிடும். வாங்கறப்ப அதிர்வு எத்தனைன்னு பாத்து வாங்கு. பிட் மழுங்கினா தூக்கிப்போடு, கஞ்சத்தனம் பண்ணாதே."

"காசு கூட ஆகுமே மாமா?"

"ஆகும். அந்தப் பெரியவர்கிட்ட பட்டன் போட என்ன செலவாகுதுன்னு கேட்டுட்டு வா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. போன வாரம் போட்டோ அனுப்பியிருந்தான். ரெண்டு மெஷின், பக்கத்துல அந்தப் பெரியவர். புது எஸ்டிஎஸ்ஸைக் கையில வாங்கிப் பாத்துட்டு, "இது எனக்கு முப்பது வருஷம் முன்னாடி கிடைச்சிருக்கணும்"னாராம்.