பெண்களுக்குச் சமக் கூலி

ஒரே வேலையையோ ஒரே தன்மையுள்ள வேலையையோ செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி தரப்பட வேண்டும் என்பதே சமக் கூலிக் கோரிக்கை. தமிழ்நாட்டு வயல்வெளிகளில் ‘ஆம்பளைக் கூலி’, ‘பொம்பளைக் கூலி’ என்ற இரண்டு சொற்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. கூலி என்ற ஒரே சொல் போதாமல் இரண்டு தேவைப்பட்ட காரணத்தில்தான் இக்கோரிக்கையின் வரலாறு தொடங்குகிறது. இந்தியா இதை அரசமைப்பில் ஒரு கொள்கையாக ஏற்றது 1950இல், சட்டமாக்கியது 1975இல். சட்டம் வந்தபின்னும் இரண்டு கூலிகளும் மறையாததற்கு வேலைப் பிரிவினையே முதற்காரணம். ஏர் பிடிப்பது ஒருவர், களை எடுப்பது இன்னொருவர் என்று வேலை பிரிந்துவிட்டால், எதை எதோடு ஒப்பிட்டுச் சமம் கேட்பது என்ற கேள்வி எழுகிறது.

இந்தப் பிரிவினையை ஜவ்வாது மலையில் தெளிவாகக் காணலாம். கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இம்மலை (சவ்வாது மலை என்றும் எழுதுவர்) திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவியுள்ளது. மலை மேலுள்ள முதன்மையான ஊர் ஜமுனாமரத்தூர். இங்கு வாழ்பவர்களில் பெரும்பான்மையோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பெயர் மலைவாழ்வோர் என்ற பொருளில் வந்தது. இவர்கள் பேசுவது தமிழ். மானாவாரி நிலத்தில் விளையும் சாமை இவர்களின் பழைய பயிர். உழுவது ஆண்களின் வேலை. களை எடுப்பது, கதிர் அறுப்பது, தூற்றிச் சேர்ப்பது ஆகியவற்றில் பெரும்பங்கு பெண்களுடையது. அதற்குப் பிறகும் வேலை முடிவதில்லை. சாமையின் உமி எளிதில் கழலாது. உரலில் இட்டு உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, கழலாத மணிகளைப் பிரித்து மறுபடியும் குத்த வேண்டும். அரைவை இயந்திரங்கள் வரும்வரை ஒரு வேளைச் சோற்றுக்கான அரிசியை எடுக்கவே பெண்ணின் காலைப்பொழுதில் பெரும்பகுதி போய்விடும். இந்த உழைப்புக்கு எந்தக் காலத்திலும் கூலி இருந்ததில்லை. சொந்த நிலத்தில் கூலியே இல்லாத வேலை அடுத்தவர் நிலத்தில் குறைந்த கூலிக்குரிய வேலையாக மதிக்கப்பட்டது. களை பறிக்கும் கைக்கு இருக்கும் திறமையும் பொறுமையும் ஏர் பிடிக்கும் கையைவிடக் குறைந்தவை அல்ல. பயிரையும் புல்லையும் பிரித்தறியத் தெரியாதவர் இறங்கினால் பயிரே போய்விடும்.

கூலியில் ஆண், பெண் வேறுபாட்டை அரசே எழுதி நிலைநிறுத்தியதும் உண்டு. மக்கள் ‘தாது வருடப் பஞ்சம்’ என்று நினைவில் வைத்திருக்கும் 1876-78ஆம் ஆண்டுப் பஞ்சத்தில், சென்னை மாகாணத்தில் நிவாரண வேலைகள் திறக்கப்பட்டன. ஜவ்வாது மலை அப்போது வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களுக்குள் இருந்தது. அவை இரண்டும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவை. பிரிட்டிஷ் இந்திய அரசு அனுப்பிய அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள் வகுத்த அளவின்படி, வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும். பெண்ணுக்கும் சிறுவருக்கும் அதிலும் குறைவு. பசியின் பிடியில் வந்து நின்றவர்களிடமும் இந்த வேறுபாடு காட்டப்பட்டது. மண்ணைத் தோண்டுபவர் ஒரு வகை, கூடையில் சுமப்பவர் வேறொரு வகை என்று பின்னர் வந்த பஞ்சகாலச் சட்டத் தொகுப்புகளும் தொழிலாளரைப் பிரித்தன. மண்வெட்டி ஆணிடமும் கூடை பெண்ணிடமும் இருந்ததால் கூலியும் அப்படியே பிரிந்தது.

கடல் கடந்த தோட்டங்களில் இதே வேறுபாட்டுக்கு எண்ணளவே குறிக்கப்பட்டது. வட ஆற்காடு, சேலம், திருச்சிப் பகுதிகளிலிருந்து இலங்கைக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களுக்காக 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அதன்கீழ் 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என்று நாட்கூலி நிர்ணயிக்கப்பட்டது. பெண்ணின் கூலி ஆணின் கூலியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. தேயிலையின் அடிப்படை வேலையான கொழுந்து பறிப்பு பெரும்பாலும் பெண்களின் கையில் இருந்தும் நிலைமை இதுதான். இந்த வேறுபாட்டை நீக்க அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று. 1984 ஏப்ரலில் தோட்டத் தொழிற்சங்கங்கள் நடத்திய பெரும் வேலைநிறுத்தத்திற்குப் பிறகே இலங்கைத் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்கூலி கிடைத்தது.

உலகளவில் இக்கொள்கைக்கு முதல் எழுத்துவடிவம் தந்த ஆவணங்களில் ஒன்று, முதல் உலகப்போருக்குப் பிந்தைய 1919ஆம் ஆண்டு வெர்சாய் உடன்படிக்கை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1951இல் தன் 100ஆவது உடன்பாட்டை நிறைவேற்றியது. அதில் உள்ள சொல் ‘சம மதிப்புள்ள வேலை’ என்பது. வேலை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, அதன் மதிப்பு ஒன்றாக இருந்தால் போதும் என்ற இந்த விரிவான பொருளை இந்தியச் சட்டம் எட்டவில்லை என்பது அவ்வமைப்பின் நிபுணர் குழு பலமுறை சுட்டிக்காட்டிய குறை. அமெரிக்கா 1963இலும், டாகன்ஹாம் ஃபோர்டு ஆலையில் கார் இருக்கை உறை தைக்கும் பெண்கள் 1968இல் நடத்திய வேலைநிறுத்தத்தின் தாக்கத்தில் பிரிட்டன் 1970இலும் சமச் சம்பளச் சட்டங்களை இயற்றின. ஐஸ்லாந்தில் 1975 அக்டோபர் 24 அன்று பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் அலுவலக வேலை, வீட்டு வேலை இரண்டையும் நிறுத்தினர்.

இந்திய அரசமைப்பின் 39(ஈ) பிரிவு, ஆண் பெண் இருபாலர்க்கும் சம வேலைக்குச் சம ஊதியம் கிடைக்கும்படி அரசு தன் கொள்கையை வகுக்க வேண்டும் என்கிறது. வழிகாட்டு நெறி என்பதால் இதை வைத்து நேராக நீதிமன்றம் செல்ல முடியாது. அதே காலத்தில் கூலியைக் கணக்கிடுவதற்கு உருவான வழிமுறைகள் எதிர்த் திசையில் சென்றன. நியாயக் கூலி குறித்து 1940களின் இறுதியில் அறிக்கை தந்த குழு, ஆண்கள் செய்யும் அதே வேலையை அதே திறனோடு செய்யும் பெண்ணுக்குக் கூலி குறையக் கூடாது என்றது. ஆனால் பெண்கள் மட்டுமே செய்யும் வேலைகளில், ஆணுக்குக் கொள்வதைவிடச் சிறிய குடும்பத்தை அடிப்படையாக வைத்துக் கூலியைக் கணக்கிடலாம் என்று வழிவிட்டது. 1957இல் நடந்த 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு வகுத்த தேவை அடிப்படைக் கூலியில், ஒரு குடும்பம் மூன்று நுகர்வு அலகுகளாகக் கொள்ளப்பட்டது. உழைப்பவருக்கு 1, மனைவிக்கு 0.8, இரு குழந்தைகளுக்கும் சேர்த்து 1.2. மனைவியும் குழந்தைகளும் ஈட்டும் வருமானம் கணக்கில் சேரக் கூடாது என்றும் அது கூறியது. முழுக் குடும்பத்துக்கும் போதுமான கூலியை உறுதிசெய்வதே நோக்கம். அது நல்ல நோக்கம். ஆயினும் அந்தக் கணக்கில் சம்பாதிப்பவர் ஆண், பெண் அவரை நம்பி உண்பவர். இலங்கைத் தோட்டத்தின் ஐந்தில் நான்கு பங்கும் இங்குள்ள 0.8உம் வெவ்வேறு கணக்கிலிருந்து வந்தவை. எனினும் பெண்ணுக்குக் குறைவாக இருந்தால் போதும் என்ற எண்ணம் இரண்டுக்கும் பொது.

இந்தியா 100ஆவது உடன்பாட்டை 1958இல் ஏற்றது; சட்டம் இயற்ற மேலும் 17 ஆண்டுகள் ஆயின. பெண்களின் நிலையை ஆராய்ந்து ‘சமத்துவத்தை நோக்கி’ என்ற அறிக்கையை 1974இல் அளித்த குழு, சமக் கூலிக்குச் சட்டம் தேவை என்பதை வலியுறுத்தியது. 1975ஐ ஐக்கிய நாடுகள் அவை அனைத்துலகப் பெண்கள் ஆண்டாக அறிவித்திருந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 26 அன்று சம ஊதிய அவசரச் சட்டம் வந்தது. 1976இல் நாடாளுமன்றம் அதை முழுச் சட்டமாக்கியது. ஒவ்வொரு தொழிலுக்கும் வெவ்வேறு நாளில் அது நடைமுறைக்கு வந்தது. முதலில் சேர்க்கப்பட்டவற்றில் ஒன்று தோட்டத் தொழில். அச்சட்டம் விதித்தது இதுதான்: ஒரே வேலைக்கோ ஒத்த தன்மையுள்ள வேலைக்கோ பெண் என்பதற்காகக் கூலியைக் குறைத்துத் தரக் கூடாது. வேலைக்கு எடுக்கும்போதும் வேறுபாடு காட்டக் கூடாது. சமப்படுத்துகிறேன் என்று ஆணின் கூலியைக் குறைக்கவும் கூடாது. மூன்றாவது விதி மிக முக்கியமானது. அது இல்லையென்றால் பெண்களின் கோரிக்கை உடன் உழைக்கும் ஆண்களுக்கு எதிராகத் திருப்பப்பட்டிருக்கும்.

இச்சட்டத்தின் பொருளை நீதிமன்றங்கள் விரித்தன. டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், இச்சட்டத்தை மீறுவது அரசமைப்பின் 14ஆவது பிரிவு தரும் சமத்துவ உரிமையையே மீறுவதாகும் என்று உச்ச நீதிமன்றம் 1982இல் கூறியது. மெக்கின்னன் மெக்கன்சி நிறுவனத்துக்கு எதிராக ஆட்ரி டி’கோஸ்டா என்ற சுருக்கெழுத்தர் தொடர்ந்த வழக்கில் 1987இல் வந்த தீர்ப்பு இன்றும் முன்னுதாரணம். பெண் சுருக்கெழுத்தர்கள் அதிகாரிகளின் அந்தரங்கப் பணிக்கென அமர்த்தப்பட்ட தனி வகையினர் என்று நிறுவனம் வாதிட்டது. சங்கத்தோடு செய்த ஒப்பந்தத்தையும் காட்டியது. சிறு வேறுபாடுகளைப் பெரிதாக்காமல் வேலையை முழுமையாகப் பார்க்க வேண்டும் என்றும், கொடுக்க வசதியில்லை என்பது விலக்குக் கோரும் காரணமாகாது என்றும் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அலுவலகத்தில் ஒரே மாதிரியான தட்டச்சுப்பொறிகளின் முன் இருவர் அமர்ந்திருந்தால் இத்தீர்ப்பு உதவும். சாமைக் கொல்லையில் களை எடுக்கும் பெண் தன்னை யாரோடு ஒப்பிடுவார்? அந்த வேலைக்கு ஆண்களே வருவதில்லை. மத்திய அரசின் தொழிலாளர் பணியகம் கிராமப்புறக் கூலி விகிதங்களை ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாகவே இன்றும் வெளியிடுகிறது. பெண்கள் வீட்டு வேலையை முடித்துத் தாமதமாக வந்து சீக்கிரம் போகிறார்கள் என்பது நிலக்காரர்கள் சொல்லும் காரணம். நேரம் ஒன்றாக இருக்கும் இடங்களிலும் வேறுபாடு நீடிப்பதால் அது முழு விளக்கமாகாது. வீட்டு வேலையின் அளவையும் இங்கே கருத வேண்டும். 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, இந்தியாவில் கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம்.

ஜவ்வாது மலையில் ஆணும் பெண்ணும் ஒரே கூலி பெறும் வேலையாகப் பரவலாக வந்தது நூறு நாள் வேலை. இதற்கு வழிவகுத்த தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் 2006 பிப்ரவரி 2 அன்று நடைமுறைக்கு வந்தபோது தமிழ்நாட்டில் முதற்கட்டமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆறு மாவட்டங்களில் திருவண்ணாமலையும் ஒன்று. தொடக்கத்தில் நாட்கூலி 80 ரூபாய். 2025இல் 336 ரூபாய். இதில் ஆண் பெண் என்று இரண்டு விகிதங்கள் இருக்கவில்லை. பயனாளிகளில் மூன்றில் ஒரு பங்கினராவது பெண்களாக இருக்க வேண்டும் என்றது சட்டம். தமிழ்நாட்டில் வேலைக்கு வந்தவர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் பெண்கள். ஏரி தூர்வாரும் இடத்தில் குறிப்பிட்ட நீள அகல ஆழத்தில் குழி அளந்து விடப்படும். மண்வெட்டி பிடிப்பதும் பெண், தட்டில் சுமப்பதும் பெண். கூலி அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் விழும். பஞ்சகால வேலையின் மண்வெட்டி, கூடைப் பிரிவினை இங்கே கூலியைத் தீர்மானிக்கவில்லை. அளவு குறைந்தால் அறிவிக்கப்பட்ட கூலியை விடக் குறைவாகக் கிடைப்பதும், கூலி வரத் தாமதமாவதும் இத்திட்டத்தின் மீது சொல்லப்பட்ட குறைகள். இருந்தும் தனியார் நிலத்தில் பேரம் பேசும்போது ‘அங்கே இவ்வளவு தருகிறார்கள்’ என்று சொல்ல ஒரு தொகை பெண்களுக்குக் கிடைத்தது. களை, நடவுக் கூலி உயர்ந்ததில் அதற்குப் பங்குண்டு. நிலத்தின் மீதான உரிமையிலும் ஒரு மாற்றம் வந்தது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி, மணமானவர்களுக்குத் தரப்படும் பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும்.

மலையடிவாரத்தில் நிலைமை வேறு. ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத் தோல், காலணித் தொழிற்சாலைகளிலும், வேலூர் வட்டாரப் பீடித் தொழிலிலும் பெண்களே பெருமளவில் உழைக்கின்றனர். காலணியின் மேற்பகுதியை வீட்டில் வைத்துக் கையால் தைப்பதற்கும் பீடி சுற்றுவதற்கும் எண்ணிக்கைக் கூலி. ஆண் செய்தாலும் அதே விகிதம்தான். ஆகவே ஏட்டில் பாகுபாடு இல்லை. பெண்களின் வேலை என்று ஆன பிறகு அந்த விகிதமே தாழ்ந்து கிடப்பதை எந்தச் சட்டமும் தொடவில்லை. தொழில்களுக்கு இடையிலான இந்தத் தாழ்வைக் கேரளத்தில் எண்களிலேயே காணலாம். மூணாறில் 2015 செப்டம்பரில் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள், ஊக்கத்தொகைக் குறைப்பை எதிர்த்து, ஆண்கள் தலைமையிலான சங்கங்களை ஒதுக்கிவிட்டு ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் சாலையில் அமர்ந்தனர். அதைத் தொடர்ந்து 232 ரூபாயாக இருந்த தேயிலைத் தொழிலாளர் நாட்கூலி 301 ஆயிற்று. அதே ஒப்பந்தத்தில் ஏலக்காய்க்கு 330, ரப்பருக்கு 381. கொழுந்து பறிக்கும் பெண்களின் தொழில் மூன்றில் கடைசியில் நின்றது.

அங்கன்வாடி, சத்துணவு, ஆஷா பணியாளர்கள் இன்னொரு வகை. கிட்டத்தட்ட முழுக்கப் பெண்களைக் கொண்ட இப்பணிகளில் பலவற்றுக்குத் தரப்படுவது ஊதியம் என்று அழைக்கப்படுவதில்லை; மதிப்பூதியம், ஊக்கத்தொகை என்றே குறிக்கப்படுகிறது. பெயர் மாறும்போது குறைந்தபட்சக் கூலிக்கான சட்டப் பாதுகாப்பும் கைநழுவுகிறது. 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை, வீட்டில் பெண்கள் செய்யும் உழைப்பை அங்கீகரிப்பதாக அறிவிக்கப்பட்டது. அது கூலி அல்ல. ஆனால் அந்த உழைப்புக்கு மதிப்புண்டு என்பதை அரசு எழுத்தில் ஏற்ற அரிய நிகழ்வு.

1976ஆம் ஆண்டுச் சட்டத்தை 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு தன்னுள் கரைத்துக்கொண்டது; அது 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் மூன்றாவது பிரிவு கூலியிலும் வேலைக்கு எடுப்பதிலும் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கிறது. ஒப்பீட்டுக்கு உரியது இன்னமும் ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுள்ள வேலைதான்.

மழை பொய்த்த ஆண்டுகளில் ஜவ்வாது மலையிலிருந்து குடும்பங்கள் கேரள, கர்நாடகத் தோட்டங்களுக்கும் திருப்பூர் போன்ற ஊர்களுக்கும் பிழைக்கப் போகின்றன. தமிழ்நாட்டின் செங்கல் சூளைகளிலும் கரும்பு வெட்டிலும் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு ஜோடியாகவே அமர்த்தப்படுவது வழக்கம். முன்பணத்தை வாங்குவது ஆண். கணக்கு நோட்டில் இருப்பதும் அவர் பெயரே. மண் பிசைந்து கல் அறுக்கும் மனைவியின் உழைப்பு அந்த எண்ணிக்கைக்குள் இருக்கிறது, ஆனால் அவருக்கென்று தனிக் கூலி எழுதப்படுவதில்லை. இத்தகைய இடங்களில் சமக் கூலி கேட்பதற்கு முன், பெண்ணின் பெயர் அந்த நோட்டில் ஏற வேண்டியிருக்கிறது.