கூட்டுரிமை வீடு: மணமுறிவுக்குப் பிந்திய விற்பனை

கணவன், மனைவி இருவர் பெயரிலும் கிரயம் பெற்ற வீடு, அவர்களுடைய தாம்பத்தியம் முறிந்தபின், பொது விற்பனையாலோ, ஒருவர் தம் பாகத்தை மற்றவருக்கு எழுதிக் கொடுப்பதாலோ, நீதிமன்றத்தின் வாயிலாகவோ பங்காகும் முறை இங்கே விளக்கப்படுகிறது. 1996இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்த தேனி மாவட்டத்திலும், அதனுள் அடங்கிய கம்பம் பள்ளத்தாக்கிலும் செல்லுபடியாவது நாட்டின் பொதுச் சட்டமே எனினும், தெருக்களின் அமைப்பும், ஊர் வழக்கும், மலைக்கு அப்பாலுள்ள தோட்டங்களும் இவ்விவகாரத்துக்குத் தனிச் சாயல் தருகின்றன.

மணம் முறிந்தால் சொத்தில் பாதி என்னும் எண்ணம் இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. மதுரைச் சீமையைப் பற்றி ஜே. எச். நெல்சன் 1868இல் வெளியிட்ட நூலில், மேற்குக் கள்ளரிடையே கணவன் தன் சொத்தில் பாதியை இழக்கச் சம்மதித்தால் மனைவியை விலக்கிவிடலாம் என்றும், மனைவி 42 பணம் செலுத்திக் கணவனிடமிருந்து விடுபடலாம் என்றும் எழுதியிருக்கிறார். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் தீர்த்துக்கொள்ளும் அத்தகைய வழக்கங்களை 1955ஆம் ஆண்டு இந்து விவாகச் சட்டமும் 29ஆம் பிரிவில் காத்து வைத்திருக்கிறது. ஆயினும் பஞ்சாயத்தில் எழுதிய வெறுந்தாள் வீட்டைக் கைமாற்றாது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள ஸ்தாவர சொத்தின் பாத்தியதையை மாற்றும் பத்திரம் பதிவாகியே தீரவேண்டும்.

மணவாழ்வில் தேடிய சொத்து, மணத்தின் காரணமாகவே இருவருக்கும் பொதுவாகும் என்னும் விதி கோவாவில் போர்த்துகீசியர் காலந்தொட்டு நிலவுகிறது. யாழ்ப்பாணத்துத் தேசவழமையும் அதனைத் ‘தேடிய தேட்டம்’ எனத் தனியே வகுத்து வைத்தது. தமிழ்நாட்டில் அத்தகைய விதி இல்லை. இங்கே பத்திரத்திலுள்ள பெயரே பேசும், மணமுறிவுத் தீர்ப்பு தானாக அப்பெயரை மாற்றுவதுமில்லை. இருவர் பெயரில் வாங்கிய சொத்தில், அவரவர் போட்ட பணத்துக்குச் சாட்சியம் இருந்தால் அந்த விகிதப்படியும், இல்லாவிட்டால் சமமாகவும் பங்குண்டு என்று 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 45ஆம் பிரிவு கருதுகிறது. கழுத்து நகையை அடகு வைத்தும், திராட்சைத் தோட்டத்துக் கூலியைச் சேர்த்தும் வீடு எழும்பத் துணைநின்ற பெண்ணிடம் அதற்கு ரசீது இராது. பத்திரத்தில் அவள் பெயரும் இல்லாதபோது, நியாயம் அவள் பக்கமிருந்தும் நிரூபணம் அவளுக்கு எட்டாது போகிறது. ஆயினும் 2023 ஜூனில், கணவர் வெளிநாட்டில் ஈட்டிய பணத்தில் வாங்கிய சொத்தைப் பற்றிய வழக்கொன்றில், இல்லத்தைப் பராமரித்த மனைவியின் உழைப்பும் அச்சொத்தைத் தேடியதில் பங்களிப்பே என்று சென்னை உயர் நீதிமன்ற நீதியரசர் கிருஷ்ணன் ராமசாமி கூறிச் சமபங்கை ஏற்றது, நெடுநாள் எதிர்பார்க்கப்பட்ட நீதியாகும்.

கம்பத்திலோ போடியிலோ பழைய தெருவொன்றில், பதினைந்து இருபதடி அகலத்தில், இருபுறமும் பொதுச்சுவரோடு, நடையும் பட்டாசாலையும் அடுப்படியும் ஒன்றன்பின் ஒன்றாக நீளும் வீட்டின் குறுக்கே சுவரெழுப்பினால், முன்பாகத்தார்க்குக் கிணறில்லை, பின்பாகத்தார்க்கு வாசலில்லை. இத்தகைய சந்தர்ப்பத்துக்கென்றே, பாதியோ அதற்கு மேலோ பங்குடையவர் வேண்டினால் வீட்டை விற்றுத் தொகையைப் பகிர உத்தரவிடலாம் என்று 1893ஆம் ஆண்டுப் பிரிவினைச் சட்டம் வகுத்தது. சரிபாதி உரிமையுள்ள தம்பதியரில் எவர் ஒருவரும் இதைக் கோரலாம். மற்றவர், நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்கு அப்பங்கைத் தாமே வாங்கிக்கொள்ள முன்வரலாம். வழக்கு நடக்கையில் ஒருவர் தம் பாகத்தை அந்நியருக்கு விற்றாலும், வாங்கியவர் இறுதித் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவரே. வீடு போடியிலும் ஏலத்தோட்டம் இடுக்கி மாவட்டத்திலும் இருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி ஏதேனும் ஓரிடத்து நீதிமன்றத்திலேயே இரண்டுக்கும் சேர்த்து வழக்கிடலாம். எனினும் உத்தமபாளையத்திலோ பெரியகுளத்திலோ தொடங்கும் வழக்கு, ஆணையர் பார்வை, ஆட்சேபம், மேல்முறையீடு என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைவரை செல்லுமானால், பிள்ளைகள் படிப்புக்கு உதவ வேண்டிய பணம் முடங்கிக் கிடக்கும்.

ஒருவர் வீட்டை வைத்துக்கொள்ள விரும்பினால், மற்றவர் பணம் பெற்றுக்கொண்டு விடுதலைப் பத்திரம் எழுதுவதே உத்தமம். 2023 ஜூலையில் நிர்ணயித்தபடி, குடும்பத்தாருக்குள் எழுதும் விடுதலைக்கு முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் ஒரு சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். பாதியின் மதிப்பு 30 லட்சமானால் செலவு 40,000 ரூபாய். அதையே கிரயமாக எழுதினால், ஒன்பது சதவீதக் கணக்கில், 2,70,000 ரூபாய். சலுகை கணவன் மனைவி என்னும் உறவுக்கு உரியது. ஆதலின் பரஸ்பர சம்மத மனு நிலுவையிலிருக்கும் காலத்திலேயே, தீர்ப்புக்கு முன்னர், பத்திரத்தை முடித்துக்கொள்வது விவேகம்.

குழந்தைகளோடு அவ்வீட்டில் வாழும் மனைவி குடும்ப வன்முறைக்கு உள்ளானவராயின், 2005ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டைக் கணவர் விற்காதவாறு தடையுத்தரவு பெறலாம். கூட்டாக வாங்கிய வீட்டுக்கடனோ மணமுறிவால் பிரிவதில்லை. வீட்டைவிட்டு வெளியேறியவரும் கடன் தீரும்வரை வங்கிக்குப் பொறுப்பாளியே. ஆகையால் விற்கும்போது முதலில் வங்கி நிலுவையைத் தீர்த்து, மூலப்பத்திரத்தை மீட்டு, அடமானப் பதிவை ரத்துச் செய்து, வில்லங்கச் சான்றில் அது நீங்கியதைப் பார்த்த பின்னரே மிச்சத் தொகை பங்காகும். அத்தொகையை இருவருக்கும் தனித்தனி வரைவோலையாகப் பெற்று, அவற்றின் எண்களைக் கிரயப் பத்திரத்திலேயே எழுதச் செய்வது வேண்டும்.