மரம் நடுவதும் காட்டை மீட்பதும் – தாமிரபரணி மலைகளின் ஆய்வு வரலாறு

ஜூன் மாதம் சுற்றுச்சூழல் நாள் வந்தால் நம் கல்லூரிகளில் குழி தோண்டி, மரக்கன்று வைத்து, போட்டோ எடுத்து முடித்துவிடுகிறோம். அதில் தவறில்லை. ஆனால் மரம் நடுவது வேறு, காட்டை மீட்பது வேறு. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய விஞ்ஞானமே இருக்கிறது. அதற்குச் 'சூழலியல் மீட்டெடுப்பு' என்று பெயர். சிதைந்துபோன, சேதப்பட்ட, அழிந்துபோன ஓர் இயற்கை அமைப்பு தானாகத் தேறி எழ நாம் துணை நிற்பதுதான் இதன் சுருக்கமான விளக்கம்.

இந்த விஞ்ஞானம் எப்படி வளர்ந்தது, நம் திருநெல்வேலி மலைகளில் நடந்த ஆய்வுகள் அதில் எங்கே நிற்கின்றன, அவை எங்கே அச்சேறின என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். "இதெல்லாம் விஞ்ஞானிகள் பாடு, நமக்கெதற்கு?" என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்களின் 99 ஆண்டுக் குத்தகை 2028-இல் முடிகிறது. தாமிரபரணிக்குத் தண்ணீர் தரும் மலையில் 8,374 ஏக்கர் நிலத்தை என்ன செய்வது என்ற கேள்வி நம் காலத்தில், நம் கண்முன் வந்து நிற்கிறது.

உலகில் எப்படித் தொடங்கியது?

1935-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை தொடங்கியது. உழுது கைவிட்ட பண்ணை நிலத்தில் பழைய புல்வெளியைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்று பார்த்தார்கள். அல்டோ லியோபோல்ட் அந்தக் குழுவில் முக்கியமானவர். இந்தத் துறையின் தொடக்கப்புள்ளி என்று பலரும் சொல்வது இதைத்தான். ஆனால் இதற்கென்று ஒரு தனி இதழ் வர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. 1981-இல் அதே விஸ்கான்சினில் இருந்து அனுபவக் குறிப்புகளைத் தொகுத்து ஒரு சிற்றிதழ் வந்தது. 1980களின் இறுதியில் இத்துறைக்கென ஒரு சர்வதேசச் சங்கம் உருவானது. 1993-இல் அந்தச் சங்கத்தின் ஆய்விதழாக 'ரெஸ்டோரேஷன் எக்காலஜி' தொடங்கியது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதலில் வந்தது களத்தில் வேலை செய்தவர்களின் குறிப்பு, ஆய்வுக்கட்டுரை பிறகுதான் வந்தது. ஆரம்பத்தில் புல்வெளி, கைவிட்ட சுரங்கம், சதுப்புநிலம் என்று குளிர்நாட்டு விஷயங்களே அதிகம். வெப்பமண்டலக் காடுகள் பின்னர்தான் வந்தன. அதற்கும் பின்னர் கார்பன் கணக்கு வந்தது. 2011-இல் பான் நகரில் கோடிக்கணக்கான ஹெக்டேர் நிலத்தை மீட்போம் என்று நாடுகள் உறுதி சொல்லத் தொடங்கின. 2021 முதல் 2030 வரையிலான பத்தாண்டை ஐ.நா. இதற்கென்றே அறிவித்தது. இலக்கு ஹெக்டேரில் சொல்லப்படுவதால், எத்தனை கன்று நட்டோம் என்பதே வெற்றியின் அளவாகிவிடும் ஆபத்தும் கூடவே வந்தது.

சரி, இனி நம்மூருக்கு வருவோம். பொதிகை மலைப் பகுதியில் நடந்த ஆய்வுகளை மூன்று காலமாகப் பிரித்துப் பார்த்தால் எளிதாகப் புரியும்.

ஒன்று: பட்டியல் போட்ட காலம்

முதல் கேள்வி, "இங்கே என்னென்ன இருக்கிறது?" என்பது. 19-ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாண வனத்துறையில் நீண்டகாலம் உயர்பொறுப்பில் இருந்த பெடோம், திருநெல்வேலி மலைகளில் ஏறி இறங்கித் தாவரங்களைச் சேகரித்தார். மரங்களைப் பற்றிப் படங்களோடு பெரிய நூல் எழுதினார்.

இதே பெடோமைப் பற்றி இன்னொரு செய்தி. 1876-இல் வறண்ட நிலங்களில் வளர்க்க, அமெரிக்கக் கண்டத்து மரம் ஒன்றின் விதை வேண்டும் என்று வருவாய்த்துறைக்குக் கடிதம் எழுதினார். அது எந்த மரம் தெரியுமா? இன்று நம் குளங்களையும் புறம்போக்குகளையும் மூடிக்கிடக்கும் சீமைக்கருவேலம்தான்! விறகுப் பஞ்சத்தைத் தீர்க்க நல்ல எண்ணத்தோடு செய்த காரியம். ஒரு நிலத்தின் தாவரங்களைப் பட்டியலிடத் தெரிவதும், அந்த நிலம் எப்படி இயங்குகிறது என்று தெரிவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 2022-இல் தமிழக அரசு அயல் தாவரங்களை அகற்றி நிலத்தை மீட்பதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. அதாவது, சுமார் 150 ஆண்டுகளுக்கு முன் எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பட்டியல் வேலை விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தது. இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் 1984-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் அகத்தியமலையை உயிர்க்கோளக் காப்பகமாக்கத் தகுந்த இடம் என்று எழுதினார்கள். 2001-இல் அது காப்பகமானது. 2016-இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலிலும் சேர்ந்தது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் மாணிக்கமும் இருதயராஜும் 1992-இல் மேற்குத்தொடர்ச்சி மலைப் பெரணிகளைப் பற்றி நூல் வெளியிட்டார்கள். நம் ஊர்க் கல்லூரியில் இருந்து இப்படியொரு நூல் வந்திருக்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இரண்டு: உறவுகளைத் தேடிய காலம்

அடுத்த கேள்வி, "இவை ஒன்றோடொன்று எப்படி வாழ்கின்றன?" என்பது. இதற்கான முக்கியமான களம், மாஞ்சோலைக்கு மேலே இருக்கும் கக்காச்சி. ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல் மழை பெறும் பசுமைமாறாக் காடு.

1970களில் ஸ்டீவன் கிரீன், கேரன் மின்கோவ்ஸ்கி ஆகியோர் இந்த மலைகளில் சிங்கவால் குரங்கை ஆராய்ந்தார்கள். அந்தக் குரங்கைக் காக்கவே 1976-இல் களக்காடு சரணாலயம் உருவானது. 1962 முதல் இருந்த முண்டந்துறை சரணாலயத்தோடு சேர்த்து 1988-இல் களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம் ஆனது.

1990களில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் பிரியா டேவிதார், அவரோடு பணியாற்றிய கணேஷ், சௌபத்ரா தேவி ஆகியோர் கக்காச்சியில் பல ஆண்டுகள் தங்கி ஆராய்ந்தார்கள். எந்த மரம் எப்போது பூக்கிறது? பூவுக்கு யார் வருகிறார்கள்? பழத்தை யார் தின்கிறார்கள்? விதை எங்கே போய் விழுகிறது? 2003-இல் அமெரிக்கத் தாவரவியல் இதழில் வந்த கட்டுரை 86 மர இனங்களின் மகரந்தச் சேர்க்கையைச் சொல்கிறது. அவற்றில் பெரும்பாலானவை ஏதாவது ஒரே வகை உயிரினத்தை நம்பியே இருக்கின்றன. தேனீயை நம்பும் மரத்துக்குத் தேனீ வேண்டும், வண்டை நம்பும் மரத்துக்கு வண்டு வேண்டும். வெடிப்பலா மரத்தின் பூவைக் காட்டில் வேறு உணவு குறைந்த காலத்தில் குரங்குகளும் அணில்களும் வௌவால்களும் தேடி வருகின்றன. ஆக, வெடிப்பலாவை வெட்டினால் போவது ஒரு மரம் மட்டுமல்ல, பஞ்ச காலத்துச் சாப்பாட்டுக் கடையும் சேர்ந்து போகிறது.

2001 பிப்ரவரியில் பெங்களூரில் இருந்து வரும் 'கரண்ட் சயின்ஸ்' இதழ், களக்காடு–முண்டந்துறை பற்றி ஒரு தொகுப்பையே வெளியிட்டது. அதில் நாங்குநேரியில் பிறந்த காட்டுயிர் அறிஞர் ஏ.ஜே.டி. ஜான்சிங் (2024-இல் மறைந்தார்) எழுதினார். செங்கல்தேரிக் காடு பற்றி, தரைவாழ் ஊர்வன பற்றி, விதைப்பரவல் பற்றியெல்லாம் கட்டுரைகள் வந்தன. காப்பகத்தின் வன அதிகாரிகளும் எழுதினார்கள். மலையடிவார கிராம மக்களைப் பாதுகாப்பில் எப்படிச் சேர்ப்பது என்பதும் அதில் ஒரு பொருள். ஆராய்பவர், நிர்வகிப்பவர் இருவரும் ஒரே அட்டைக்குள் பேசியது அபூர்வம். அந்த இதழ் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

மூன்று: மீட்கும் காலம்

மூன்றாவது கேள்வி, "அழிந்ததை எப்படித் திரும்பக் கொண்டுவருவது?" என்பது. இதற்குப் பெரிய அளவில் விடை தேடப்பட்டது வால்பாறையில். ஆனால் அந்தக் கதைக்கும் நம் மலைக்கும் தொடர்பு உண்டு. 1990களின் பிற்பகுதியில் களக்காடு–முண்டந்துறையில் பழுப்பு மரநாயை ஆராய்ந்தவர் திவ்யா முத்தப்பா. பழம் தின்று விதை பரப்பும் பிராணி அது. பின்னர் அவரும் சங்கர் ராமனும் மைசூர் இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தின் சார்பில் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சிக்கிக்கொண்ட மழைக்காட்டுத் துண்டுகளை மீட்கும் வேலையில் இறங்கினார்கள். உண்ணிச்செடி போன்ற களைகளை அகற்றுவது, அந்தந்த இடத்து மரங்களின் விதைகளைச் சேகரித்து நாற்றாக்கி நடுவது, பிறகு ஆண்டுக்கணக்கில் கணக்கெடுப்பது.

2009-இல் 'ரெஸ்டோரேஷன் எக்காலஜி' இதழில், எந்த இடத்தில் எந்த நாற்றுகள் பிழைத்தன என்று எழுதினார்கள். 2019-இல் ஆனந்த் ஓசூரியும் இவர்களும் சேர்ந்து இன்னொரு கட்டுரை வெளியிட்டார்கள். நட்டு வளர்த்த இடங்கள், சும்மா விட்ட இடங்கள், நல்ல நிலையில் இருக்கும் மூலக்காடு மூன்றையும் ஒப்பிட்டார்கள். நட்ட இடங்கள் மர எண்ணிக்கையிலும் இன வகையிலும் கார்பன் சேமிப்பிலும் சும்மா விட்ட இடங்களை முந்தின. ஆனாலும் மூலக்காட்டை எட்டவில்லை. இன்னொரு முடிவு நமக்கு முக்கியமானது. பெரிய காட்டில் இருந்து தூரமாகத் தனித்துக் கிடக்கும் துண்டுகளில்தான் நடுவதால் பலன் அதிகம். பக்கத்தில் காடு இருந்தால் பறவையும் மரநாயும் குரங்குமே பாதி வேலையைச் செய்துவிடுகின்றன.

மாஞ்சோலைக்கு இது என்ன சொல்கிறது?

1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்குக் குத்தகைக்குக் கொடுத்த நிலம் இது. மாஞ்சோலை, கக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தோட்டங்கள். 2024-இல் நிறுவனம் தோட்டங்களை மூட முடிவெடுத்துத் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்தது. அரசே தோட்டங்களை ஏற்று நடத்த வேண்டும் என்ற வழக்குகளை அந்த டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தள்ளுபடி செய்தது. 2025 மார்ச்சில் உச்சநீதிமன்றம், அகத்தியமலை நிலப்பரப்பு முழுவதையும் ஆய்வு செய்து மீட்கும் வழிகளைச் சொல்லுமாறு தன் மத்திய அதிகாரக் குழுவைப் பணித்தது.

வால்பாறைத் துண்டுகளைப் போலன்றி மாஞ்சோலையைச் சுற்றிலும் காடு இருக்கிறது. ஆகவே தோட்ட ஓரங்களில் பெரிதாக நட வேண்டிய தேவை வராமல் போகலாம். நடுப்பகுதியின் நிலை வேறு. வெட்டாமல் விட்டால் தேயிலை மரமாக வளர்ந்து நிழல் கட்டும், களைகள் உள்ளே புகும். எங்கே கைவைக்க வேண்டும், எங்கே சும்மா இருக்க வேண்டும் என்பதை ஆராய்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். அதற்கான மாதிரிக்காடு பக்கத்திலேயே இருக்கிறது. கக்காச்சிக் கட்டுரைகள் 'மீட்டெடுப்பு' என்ற பெயரில் எழுதப்படவில்லை, ஆனால் எந்த மரம் வந்தால் எந்த உயிர் வரும் என்ற விவரம் அவற்றில்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. மலை என்றால் மரமும் மிருகமும் மட்டுமல்ல. தலைமுறைகளாக அங்கே வேலை செய்த தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களின் கூலிப் போராட்டத்தில்தான் 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணிக் கரையில் 17 உயிர்கள் போயின. எந்தச் சரிவில் தண்ணீர் நிற்கும், எந்த ஓடை எப்போது வற்றும், யானை எந்த வழியாக வரும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். காரையாறு பக்கத்துக் காணிகளுக்கும் தெரியும். மீட்பு வேலை நடந்தால் அதில் முதல் உரிமையும் கூலியும் அவர்களுக்கு இருக்க வேண்டும். வேலையை இழந்தவர்களை இறக்கிவிட்டு அவர்கள் வாழ்ந்த இடத்தில் 'மீட்டெடுப்பு' நடத்தினால், அந்தச் சொல்லுக்கே அர்த்தம் இல்லை.

எழுதியது யாருக்கு?

இவ்வளவு ஆய்வும் நடந்திருக்கிறது, ஆனால் கிட்டத்தட்ட எல்லாமே ஆங்கிலத்தில். பல கட்டுரைகள் சந்தா கட்டினால்தான் திறக்கும் வெளிநாட்டு இதழ்களில் வந்தவை. முனைவர் பட்டத்துக்கு நாலைந்து ஆண்டுதான் கிடைக்கும், ஆனால் ஒரு வெடிப்பலா வளர்ந்து காய்க்க அது போதாது. பட்டம் வாங்கியதும் ஆள் போய்விடுவார், கணக்கெடுப்பு நின்றுவிடும். போதாக்குறைக்கு, வெற்றி பெற்ற நடவுதான் கட்டுரையாகிறது. பட்டுப்போன ஆயிரம் கன்றுகளைப் பற்றி யார் எழுதுகிறார்கள்? அடுத்து நடப்போகிறவருக்குப் பயன்படுவது அந்தத் தகவல்தான்.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. ஏட்ரீ நிறுவனத்தின் மணிமுத்தாறு மையம் 2011 முதல் நம் மாவட்டக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. தன்னார்வலர்களும் மாணவர்களும் சேர்ந்து செய்வது. ஒருவர் போனாலும் இன்னொருவர் எண்ணுவார். மாஞ்சோலைக்கும் இதே முறை வேண்டும். குத்தகை முடியும் முன்பே அளவுக்கட்டங்கள் போட்டு இன்றைய நிலையைப் பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் 2040-இல் காடு திரும்பியதா இல்லையா என்று ஒப்பிட எதுவும் இருக்காது. முடிவுகள் தமிழிலும் வரவேண்டும். தோற்ற நடவுகளும் அதில் எழுதப்பட வேண்டும்.

நம் வகுப்பில் தாவரவியல், விலங்கியல் படிப்பவர்கள் அடுத்த புராஜெக்டுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தால், 2001-ஆம் ஆண்டு 'கரண்ட் சயின்ஸ்' தொகுப்பை ஒருமுறை இறக்கிப் படியுங்கள். அதில் உள்ள ஏதாவது ஒரு கணக்கெடுப்பை அதே இடத்தில் வன அனுமதியோடு இன்று திரும்பச் செய்தாலே போதும். கால் நூற்றாண்டில் என்ன மாறியது என்று சொல்லும் வேலை அது. அந்த மலைத் தண்ணீரைக் குடிக்கும் நாம்தானே அதைச் செய்ய வேண்டும்?