விமர்சனக் கவனத்தை அளவிடுதல்

ஒரு நகரத்தின் கலைக்கூடங்களும் அருங்காட்சியகங்களும் நடத்தும் கண்காட்சிகளைப் பற்றி விமர்சகர்கள் எவ்வளவு எழுதுகிறார்கள் என்பதைக் கணக்கிட்டு ஒப்பிடுவது விமர்சனக் கவன அளவீடு. பார்வையாளர் எண்ணிக்கையோ விற்பனைத் தொகையோ இதற்கு ஈடாகாது. கூட்டம் அலைமோதும் அருங்காட்சியகத்தைப் பற்றி ஆண்டு முழுவதும் ஒரு விமர்சனமும் வராமல் போகலாம். சிலரே வந்துபோன சிறு கூடத்தின் காட்சி நீண்ட கட்டுரைகளைப் பெறலாம்.

ஒரு கண்காட்சியைப் பற்றிய ஒரு விமர்சனமே அடிப்படை அலகு. எதை விமர்சனமாகக் கொள்வது என்று முடிவுசெய்வதிலேயே பாதி வேலை அடங்கியிருக்கிறது. திறப்புவிழாச் செய்தி, நிகழ்ச்சிப் பட்டியல், கூடம் அனுப்பிய குறிப்பை அப்படியே அச்சிட்ட பத்தி ஆகியவற்றை விலக்க வேண்டும். எழுதியவர் படைப்புகளைப் பார்த்து, தம் பெயரில் ஒரு மதிப்பீட்டை முன்வைத்திருந்தால் அது விமர்சனம். பாராட்டா கண்டனமா என்பது இங்கே பொருட்டல்ல. கடுமையாகச் சாடும் கட்டுரையும் கவனமே.

மொத்த எண்ணிக்கை எளிதில் ஏமாற்றும். 4 கண்காட்சிகள் நடத்தும் அருங்காட்சியகமும் 12 கண்காட்சிகள் நடத்தும் கூடமும் ஆண்டுக்குத் தலா 8 விமர்சனங்கள் பெறுவதாகக் கொள்வோம். முன்னதற்குக் காட்சிக்கு 2 கிடைக்கின்றன. பின்னதற்கு ஒன்றுகூட நிறையவில்லை. கூடம் பெற்ற 8 விமர்சனங்களும் ஒரே காட்சியைப் பற்றியவை என்றால், மீதி 11 காட்சிகள் ஒரு வரியும் பெறவில்லை. ஆகவே சராசரியைவிட, விமர்சனமே பெறாத காட்சிகளின் விகிதம்தான் ஒரு நகரத்தின் நிலையை உண்மையாகச் சொல்கிறது. ஆனால் எழுதப்படாத காட்சி பத்திரிகைக் கோப்புகளில் தடம் விடுவதில்லை. அழைப்பிதழ்கள், கூடங்களின் பழைய நிகழ்ச்சி நிரல்கள், நாளிதழ்ப் பட்டியல்கள் ஆகியவற்றிலிருந்து நடந்த காட்சிகள் அனைத்தையும் முதலில் தொகுத்துக்கொள்ள வேண்டும். பல கணக்கெடுப்புகள் இந்த உழைப்பைத் தவிர்த்துவிடுகின்றன. அவற்றின் முடிவுகளை நம்புவது கடினம்.

விமர்சன எண்ணிக்கை, எழுதுவதற்கு இதழ்களும் விமர்சகர்களும் இருப்பதையும் பொறுத்தது. அமெரிக்காவின் சிகாகோ இதற்குத் தெளிவான சான்று. 1879இல் நிறுவப்பட்ட சிகாகோ கலைக்கழகமும் 1967இல் திறக்கப்பட்ட சமகாலக் கலை அருங்காட்சியகமும் அங்கு உள்ளன. 1966இல் ஹைட் பார்க் கலை மையம் என்னும் சிறிய அமைப்பில் ‘ஹேரி ஹூ’ என்ற பெயரில் ஆறு இளம் ஓவியர்கள் காட்சி நடத்தினர். பின்னாளில் சிகாகோ ஓவியத்தின் வரலாறே அதை மையமாக வைத்து எழுதப்பட்டது. இருந்தும், தங்கள் கலையை நியூயார்க் இதழ்கள் கண்டுகொள்வதில்லை என்ற மனக்குறை நகரக் கலைஞர்களிடம் நீடித்தது. 1973இல் டெரெக் குத்ரியும் ஜேன் ஆடம்ஸ் ஆலனும் அங்கே ‘நியூ ஆர்ட் எக்ஸாமினர்’ இதழைத் தொடங்கினர். விமர்சகர் ஃபிரான்ஸ் ஷுல்ஸ் எழுதிவந்த ‘சிகாகோ டெய்லி நியூஸ்’ 1978இல் நின்றது. எக்ஸாமினரும் 2002இல் நின்றுபோனது. 2009இல் ‘சிகாகோ ட்ரிப்யூன்’ தன் நெடுங்காலக் கலை விமர்சகர் ஆலன் ஆர்ட்னரைப் பணியிலிருந்து விடுவித்தது. கலைக்கழகம் ரென்சோ பியானோ வடிவமைத்த புதிய பிரிவைத் திறந்ததும் அதே ஆண்டில்தான். படைப்புகளைக் காட்டும் இடம் விரிந்தபோது அவற்றைப் பற்றி எழுதும் இடம் சுருங்கியது. இத்தகைய ஆண்டுகளில் விமர்சன எண்ணிக்கை குறைந்தால் அதைக் காட்சிகளின் தரக்குறைவாகக் கொள்வது தவறு. எத்தனை விமர்சகர்கள் பணியில் இருந்தனர் என்ற விவரமும் கணக்கோடு சேர வேண்டும்.

உள்ளூர் விமர்சனத்தையும் வெளியூர் விமர்சனத்தையும் தனித்தனியே எண்ணுவது வழக்கம். இதழ் எங்கிருந்து வெளிவருகிறது என்பதும் முக்கியம். ‘ஆர்ட்ஃபோரம்’ 1962இல் சான் பிரான்சிஸ்கோவில் தோன்றி, 1965இல் லாஸ் ஏஞ்சலஸுக்கும் 1967இல் நியூயார்க்குக்கும் இடம்பெயர்ந்தது. விமர்சகர்கள் வசிக்கும் ஊரின் காட்சிகளே அவர்கள் கண்ணில் முதலில் படும்.

எல்லா விமர்சனங்களும் சம எடை உடையவை அல்ல என்று கருதுவோர் மதிப்பெண் முறையை நாடுகின்றனர். ஜெர்மானியப் பத்திரிகையாளர் வில்லி போங்கார்ட் 1970இல் ‘கேப்பிட்டல்’ இதழில் தொடங்கிய ‘குன்ஸ்ட்கொம்பஸ்’ தரவரிசை, முக்கிய அருங்காட்சியகக் காட்சிகளுக்கும் பெயர்பெற்ற இதழ்களின் கட்டுரைகளுக்கும் புள்ளிகள் தந்து கலைஞர்களை வரிசைப்படுத்தியது. இம்முறையில் ஒரு சிக்கல் உண்டு: எது முக்கிய நிறுவனம் என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டால், புகழ்பெற்றவை மேலும் புகழ்பெற்றவையாகவே கணக்கில் வெளிப்படும்.

கவனம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை மொத்தத் தொகை காட்டாது. நியூயார்க்கில் 1985இல் தோன்றிய ‘கெரில்லா கேர்ள்ஸ்’ குழு இதை எண்களால் அம்பலப்படுத்தியது. 1979 முதல் 1985 வரை தனிநபர் கண்காட்சிகளைப் பற்றி எழுதியவற்றில் பெண் கலைஞர்களுக்கு 20 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இடம் தந்த விமர்சகர்களின் பெயர்களை அது சுவரொட்டியில் அச்சிட்டது. நகரம் முழுவதற்குமான ஆய்வுகளில் இத்தகைய பிரிப்பு இன்றியமையாதது.

தரவு பெறுவதில் தடைகள் உள்ளன. 1929 முதல் கட்டுரைகளைப் பதிவுசெய்யும் ‘ஆர்ட் இண்டெக்ஸ்’ போன்ற அட்டவணைகள் கலை இதழ்களைச் சார்ந்தவை. பேட்டை இதழ்களில் வந்த விமர்சனங்களை அவற்றில் தேடிப் பயனில்லை. இணையதளம் மூடப்பட்டால் அதிலிருந்த விமர்சனங்களும் மறைந்துவிடுவதால், 2000க்குப் பிந்தைய எண்ணிக்கை உண்மையைவிடக் குறைவாகத் தெரியக்கூடும். பல ஆண்டுகளை ஒப்பிடும்போது ஒரே இதழ்ப் பட்டியலைப் பின்பற்றி, இடையில் நின்றவற்றையும் புதிதாகத் தோன்றியவற்றையும் தனியே குறித்துக்கொள்ள வேண்டும்.